மெர்வ் கடை வாசலில் நின்ற வண்டி

வாரிங்கா, விக்டோரியா
10 அக்டோபர் 1993, ஞாயிறு

அன்பு மகன் ரஸலுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதலாம் என்றால், எல்லோரும் என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. நானும் டஸ்டியும்தான். நாய்க்குக் காது மந்தமாகிவிட்டது, எனக்கு முழங்கால். மற்றபடி இரண்டு பேரும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறோம். நீ சாப்பிடுகிறாயா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் பேச்சை எடுத்தாலே, “அம்மா, ஷிப்டுக்கு நேரமாச்சு” என்று வைத்துவிடுகிறாய். போன ஞாயிறு காலை பத்து மணிக்கு உனக்கு என்ன ஷிப்ட்? நாக்கு குழறியது எனக்குக் கேட்காது என்று நினைத்தாயா? முப்பத்தொரு வருஷம் அந்தக் குழறலோடு குடும்பம் நடத்தியவள் நான். கடிதத்தை நீ போனைப் போல் வைத்துவிட முடியாது. கிழிக்கலாம். கிழிப்பதென்றால் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

எலித் தொல்லை இன்னும் ஓயவில்லை. மாவு டப்பா, துணி அலமாரி, உன் பழைய கால்பந்து பூட்ஸ், ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. நேற்று ஓவனைத் திறந்தால் ஒன்று குடும்பத்தோடு உள்ளே உட்கார்ந்துகொண்டு என்னை யார் நீ என்று பார்க்கிறது. கோதுமை இடுப்பளவு நிற்கிறது. உன் அப்பா பார்த்திருந்தால் அதிலும் ஏதாவது குறை கண்டுபிடித்திருப்பார். அறுவடையைத் தான் பார்த்துக்கொள்வதாகப் பக்கத்துப் பண்ணை கீத் சொல்லியிருக்கிறான். அவன் மெஷின் நடுவயலில் படுத்துக்கொள்ளாமல் இருந்தால் சரி.

ஜனின் போன மாதம் பேசினாள். உன் மனைவி உன்னைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை, அதை முதலில் தெரிந்துகொள். குழந்தையைக் கூட்டிக்கொண்டு பெர்த்தில் அவள் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டதாகச் சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பிறகு, “அவரு கெட்டவர் இல்ல அத்தை” என்றாள். இதே வார்த்தையை நான் என் அம்மாவிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். அன்றைக்கே இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து போனேன். இன்றைக்குத்தான் முடிகிறது.

ரஸல், ஏப்ரல் இருபதாம் தேதியைப் பற்றி உன்னிடம் பேச வேண்டும்.

அப்பா வாழ்க்கையிலேயே முதல் தடவையாக உனக்கு அவராகவே போன் செய்தார். அந்தச் செவ்வாய்க்கிழமை கட்டாயம் வீட்டில் இருக்கிற மாதிரி வா என்றார். எதற்கு என்று கேட்டதற்கு, வா, சொல்கிறேன் என்றார். நீயும் லீவு போட்டு, கல்கூர்லியிலிருந்து இரண்டு நாள், இரண்டாயிரத்து இருநூறு கிலோமீட்டர், அந்த மரமில்லாத சமவெளி முழுக்க ஓட்டிக்கொண்டு வந்தாய். மூன்று மணிக்கு ரென்மார்க் பெட்ரோல் பங்கிலிருந்து எனக்குப் போன் செய்து, “அப்பா வீட்ல இருக்காராம்மா?” என்று கேட்டாய். உன் குரலில் ஒரு ஆசை இருந்தது. எனக்கு அது கேட்டது. கேட்டும் நான் என்ன பதில் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? “இன்னைக்குச் செவ்வாய்க்கிழமைடா. அவரு எங்க இருப்பாரு? மெர்வ் கடை வாசல்ல வண்டி நிக்கும், பாத்துட்டு வா.”

நீ பார்த்தாய். பப் வாசலில் அந்த வெள்ளை பிக்கப், இடது கதவில் நசுங்கல், பின்னால் டஸ்டி காதை விறைத்துக்கொண்டு. அதை எந்த ஊர்க் கூட்டத்தில் நிறுத்தினாலும் நீ கண்டுபிடிப்பாய். பதினோரு வயதில் அதே பப் வாசலிலிருந்து அதே வண்டியை, அடியில் தலையணை வைத்து உட்கார்ந்து, பக்கத்தில் அப்பா தூங்கத் தூங்க நீதானே வீட்டுக்கு ஓட்டிவந்தாய்! உன் நீலக் கார் பப்புக்கு எதிரே ஒரு நிமிஷம் நின்றதையும், ரோட்டிலேயே திரும்பி வந்த வழியே போனதையும் கீத் பார்த்திருக்கிறான். வீட்டுக்கு இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். நான் ஆட்டுத் தொடையை ஓவனில் வைத்து மூன்று தட்டு எடுத்துவைத்திருந்தேன்.

அப்பா ஆறரை மணிக்கு வந்தார். நல்ல தொப்பி போட்டிருந்தார், சட்டை இஸ்திரி போட்டது. கையில் காகித நாப்கினில் சுற்றிய இரண்டு துண்டு ஸ்பாஞ்ச் கேக். உள்ளே வந்ததும் அறையைச் சுற்றிப் பார்த்து, “ரஸ் வரலியா?” என்றார். நான், “வந்தான். பாத்தான். போயிட்டான்” என்றேன். அவர் சட்டைப்பையில் கையை விட்டு ஏதோ சொல்ல வந்தார். “வாயத் தொறக்காதீங்க. பெப்பர்மின்ட் வாசனை கேட்லயே வருது” என்றேன். அந்தக் காலத்தில் அவர் குடித்த நாற்றத்தை மறைக்கப் பெப்பர்மின்ட் மெல்லுவது உனக்கும் தெரியுமே. அவர் பையிலிருந்து கையை வெறுமனே வெளியே எடுத்தார். கேக்கை மேஜையில் வைத்துவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டார். அந்தக் கேக்கை நான் கோழிக்கு வீசினேன். பப்பில் யாராவது ஸ்பாஞ்ச் கேக் கொடுப்பார்களா என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

நீ மறுநாள் போனில், இனி அவர் செத்தாலும் வரமாட்டேன் என்றாய். சொன்னபடியே ஆகஸ்டில் அடக்கத்துக்கு வரவில்லை. எனக்குக் கோபமில்லை என்றால் பொய். கல்லறையில் நின்றுகொண்டு உன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது கோபம் இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அடக்கத்தன்று பெட்டியின் மேல் அவருடைய நல்ல தொப்பியை வைக்க வேண்டும் என்று வீடு முழுக்கத் தேடினேன். இருபது வருஷம் ஊர்த் தீயணைப்புப் படைக்குத் தலைவராக இருந்த மனிதர், தொப்பி இல்லாமல் போகலாமா? கிடைக்கவில்லை. கடைசியில் ஆட்டுக்கொட்டகையில் போடுகிற பழசைத் தட்டி வைத்தோம். அது ஒரு ஓரமாகச் சாய்ந்துகொண்டு பார்க்கவே அவலமாக இருந்தது. சர்ச்சில் கடைசி வரிசையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரோடு ஒருவர் சேர்ந்து வந்தவர்கள் மாதிரித் தெரியவில்லை. பண்ணைக்காரர்களும் இல்லை, கால்பந்து கிளப்பும் இல்லை. வெளியே வரும்போது ஒவ்வொருவராக என் கையைப் பிடித்து, நெவில் நல்ல மனிதர் என்றார்கள். அவரை எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஒருத்தர் சும்மா பழக்கம் என்றார், இன்னொருத்தர் தீயணைப்புப் படை என்றார். அந்தப் படையில் இருக்கும் அத்தனை பேருக்கும் இருபது வருஷம் சாண்ட்விச் செய்து கொடுத்தவள் நான். இப்படிச் சொன்னவர் அதில் இல்லவே இல்லை. துக்க வீட்டில் சண்டை எதற்கு என்று விட்டுவிட்டேன்.

தொப்பி மட்டும் மனசை அரித்துக்கொண்டே இருந்தது. எங்கே விட்டிருப்பார், பப்பில்தானே! செப்டம்பர் பதினாலு, செவ்வாய். அப்பா போய் நாலு வாரம் தாண்டியிருந்தது. பிக்கப்பை எடுத்துக்கொண்டு நேரே மெர்வ் கடைக்குப் போனேன். உனக்குத் தெரியும், நான் அந்தக் கதவுக்குள் காலை வைத்ததே கிடையாது. வாசலில் அப்பா வழக்கமாக நிறுத்துகிற இடத்தில் ஒரு காலி பீர் பீப்பாய் நின்றது. மெர்வ் ஓடிவந்து அதை உருட்டித் தள்ளி எனக்கு வழிவிட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில், இறங்காமலே ஜன்னல் வழியாக, தொப்பியை எடுத்துவா, அவருக்கு ஊற்றிக் கொடுத்த கைக்கு அதையாவது கொடுக்கத் தெரியட்டும் என்றேன். பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு, அதனால் அவனிடம் எனக்கு மரியாதை கிடையாது.

மெர்வ் என் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். “வல்மா, தொப்பி இங்க இல்ல. நெவ் இந்தக் கதவுக்குள்ள வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு” என்றான். பொய் சொல்லாதே, ஒவ்வொரு செவ்வாயும் வண்டி இங்கேதான் நின்றது, நானே சர்ச்சுக்குப் பூ வைக்கப் போகும்போது பார்த்தேன் என்றேன். “வண்டி நின்னுச்சு. ஆளு நிக்கல. இங்க நிறுத்திட்டு என் கொல்லை வழியா நடந்து போவாரு. எங்கன்னு நான் கேட்டதில்ல. முன்னாடி பார்ல யாராவது கேட்டா, பின் ரூம்ல தனியா குடிச்சிட்டு இருக்காருன்னு சொல்லிடுவேன். இருந்ததுலயே பெரிய வாடிக்கை போச்சு, அந்த ஆளுக்கு இடம் பிடிச்சு வேற வைக்கிறேன். எனக்கென்ன பைத்தியமா?” என்றான். சொல்லும்போதே அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு கையில் இருந்த துணியாலேயே பின் கதவைக் காட்டி, “போற திசை மட்டும் தெரியும்” என்றான்.

நான் நடந்தேன். பப்பின் பின்கட்டு, காலிப் பீப்பாய்கள், பிறகு பழைய ரயில் பாதை, தானியக் கிடங்கின் நிழல். அதைத் தாண்டினால் பாலர் பள்ளிதான், வேறு ஒன்றுமில்லை. நீ படித்த அதே பள்ளி. மணி ஐந்து. பிள்ளைகள் எல்லாம் எப்போதோ போயிருக்கும். உள்ளே விளக்கு எரிந்தது. கதவைத் தள்ளினேன். முதலில் கண்ணில் பட்டது தொப்பி. குழந்தைகள் கோட்டு மாட்டுகிற கொக்கிகள் இடுப்பு உயரத்தில் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு படம். வாத்துப் படம் போட்ட கொக்கியில் அப்பாவின் நல்ல தொப்பி தொங்கியது.

உள்ளே அந்த ஐந்து பேர். சர்ச்சில் கடைசி வரிசையில் இருந்த அதே ஐந்து பேர். நாலு வயதுப் பிள்ளைகள் உட்காருகிற நாற்காலிகளில் முழங்கால் முகவாயைத் தொட உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு சின்ன மேஜை, அதில் தேநீர்க் கெட்டில், ஒரு கிண்ணம் நிறையப் பெப்பர்மின்ட். ரஸல், அந்தக் கிண்ணத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. யாரோ எழுந்து என்னை ஒரு குட்டி நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

அவர்கள் யார் யார் என்று உனக்கு எழுத மாட்டேன். எந்தக் கடை, எந்த வீடு என்று ஒரு வார்த்தை சொன்னாலும் உனக்குத் தெரிந்துவிடும். அங்கே பார்த்ததும் கேட்டதும் அங்கேயே இருக்க வேண்டும், அது அவர்கள் விதி, இப்போது எனக்கும் அதுதான். குடியை விட்டவர்கள், விட முடியாமல் தவிக்கிறவர்கள், வாரம் ஒரு நாள் கூடி உட்கார்ந்து பேசுகிறார்கள். அவ்வளவுதான். டாக்டர் இல்லை, பாதிரியார் இல்லை. இன்றைக்கு ஒரு நாள் குடிக்கவில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்.

நான் அழுதுகொண்டே, என் வீட்டுக்காரர் இங்கே வந்தாரா, என்ன சொன்னார் என்று கேட்டேன். கண்ணாடி போட்ட ஒரு வயதான பெண்மணி, அவர்தான் அங்கே கதவு திறக்கிறவர், எனக்கு ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டே, “அவரு என்ன பேசினாருன்னு சொல்ல மாட்டோம்மா. என்ன குடிச்சாருன்னு வேணா சொல்லலாம். டீ. மூணு கரண்டி சக்கரை” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அழுகையோடு. வீட்டிலும் அவர் ஒரு வருஷமாகச் சர்க்கரையை அள்ளி அள்ளிப் போட்டார். வயசான காலத்தில் சக்கரை வியாதியையும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அதற்கும் ஏசினேன். குடியை விட்ட உடம்பு அப்படிச் சர்க்கரை கேட்குமாம்.

தொப்பியை ஏன் கொண்டுவந்து தரவில்லை என்று கேட்டேன். கடைசிச் செவ்வாயன்று மறந்துவிட்டுப் போயிருக்கிறார், வியாழக்கிழமை வேலி கட்டும்போது நெஞ்சு வலித்து விழுந்துவிட்டார். கொண்டுவந்தால் எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டுமே என்றார்கள். அவர் சாகும்வரை மறைத்ததை நாங்கள் எப்படி எடுத்துவந்து பெட்டி மேல் வைப்பது என்றார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து அந்தப் பழைய தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் அவர்களுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்ததாம்.

இதைக் கேள். அந்தப் பெண்மணி என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். அங்கே தொப்பியைத் தொட்டுக்கொண்டே, “ஒண்ணே ஒண்ணு சொல்லிடுறேன், விதிய மீறினாலும் பரவால்ல” என்றார். ஏப்ரல் இருபதாம் தேதி அப்பா குடியை விட்டு ஒரு வருஷம். அந்த நாளுக்குக் குடும்பத்தைக் கூட்டிவரலாமாம். அப்பா முந்தின செவ்வாயே, என் பையனும் வருகிறான், என் வீட்டுக்காரியையும் அழைத்துவருவேன் என்று சொல்லிவைத்திருக்கிறார். பையன் வந்ததும் வீட்டுக்குப் போய் இரண்டு பேரையும் கூட்டிவருவது என்று ஏற்பாடு. அவர்கள் இரண்டு நாற்காலி கூடுதலாகப் போட்டு, கேக் செய்து வைத்திருக்கிறார்கள். அப்பா ஜன்னல் பக்கமாகவே நின்று, ரோட்டில் நீலக் கார் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாராம். ஆறு மணி தாண்டியதும், “நடுவுல எங்கயோ டயர் போயிருக்கும். நான் கொண்டுபோய்க் குடுத்துக்கிறேன்” என்று இரண்டு துண்டு கேக்கைச் சுற்றி வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கோழிகளுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்தேன். இப்போது மறுபடி எழுதுகிறேன்.

அன்றைக்கு அவர் பையிலிருந்து எடுக்க வந்தது என்ன என்றும் தெரிந்தது. ஒரு வருஷம் முடித்தவருக்கு ஒரு பித்தளை வில்லை கொடுக்கிறார்கள், நடுவில் 1 என்று போட்டது. மே மாதம் துணி துவைக்கும்போது அது அவர் கால்சட்டையிலிருந்து விழுந்திருக்கிறது, என் கையில்தான் விழுந்தது. புதிதாக வந்திருக்கும் சூதாட்ட மெஷினில் போடுகிற காசு என்று நினைத்தேன். “இது வேறயா? குடி பத்தாதுன்னு இதுவுமா?” என்று கத்தினேன். அவர் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

ஏன் சொல்லவில்லை என்று இந்த நாலு வாரமாக என்னையே கேட்டுக்கொள்கிறேன். பதில் தெரியாமல் இல்லை. அவர் இதற்கு முன் பதினோரு தடவை குடியை விட்டேன் என்று என்னிடம் சத்தியம் செய்திருக்கிறார். பதினோராவது தடவை நான் கை தட்டினேன், ரஸல். சமையலறையில் நின்று, நாடகம் பார்க்கிற மாதிரி, கை தட்டினேன். அதனால்தான் பன்னிரண்டாவது தடவை வாயால் சொல்லாமல், கையில் எதையாவது கொண்டுவந்து வைக்க நினைத்திருக்கிறார். கொண்டும் வந்தார். நான்தான் வாயைத் திறக்காதே என்றேன்.

பள்ளி வாசலில் ஏன் வண்டியை நிறுத்தவில்லை என்றும் நீ கேட்பாய். இந்த ஊர் உனக்குத் தெரியாதா? இங்கே குடிப்பதில் யாருக்கும் வெட்கமில்லை, நிறுத்துவதில்தான் வெட்கம். கால்பந்து முடிந்து ஆளாளுக்கு ஒரு சுற்று வாங்கும்போது ஒருத்தன் வேண்டாம் என்றால், நம்மோடு குடிக்க அவனுக்குக் கசக்கிறதோ என்பார்கள். அப்பாவின் பிக்கப் பப் வாசலில் நின்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பாலர் பள்ளி வாசலில் செவ்வாய்தோறும் நின்றால், இருட்டுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். குடிகாரன் என்ற பெயரை இருபது வருஷம் தாங்கியவரால், விடப் பார்க்கிறான், எத்தனை நாளைக்கோ என்ற சிரிப்பைத் தாங்க முடியவில்லை. அதனால் குடிக்காத மனிதர், குடிக்கிறவர் மாதிரி வண்டியை நிறுத்தினார். எனக்கும் உனக்கும் அந்த வண்டி மட்டும்தான் தெரிந்தது.

நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இது. ஏப்ரல் இருபதாம் தேதி நீ திரும்பிப் போனாய், நான் வாயை அடைத்தேன். அதற்கு அடுத்த செவ்வாயும் அவர் அந்தக் குட்டி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அதற்கு அடுத்த செவ்வாயும். சாகிற வாரம் வரை ஒரு சொட்டு தொடவில்லை. பதினாறு மாதம். நீ குடிகாரனின் மகன் என்று நினைத்துக்கொண்டு குடிக்கிறாய் என்றால், அந்தக் காரணம் இனி உனக்கு இல்லை. உன் சின்ன வயதில் அவர் செய்தது எல்லாம் செய்ததுதான், அதை நான் அழிக்க வரவில்லை. உன் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அன்றைக்கு உன்னை அந்த வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பியது அவர் இல்லை. ரென்மார்க்கிலிருந்து ஆசையாகக் கேட்ட பிள்ளைக்குப் பதில் சொன்னது நான். கோபப்படுவதென்றால் என்மேல் படு. நான் உயிரோடு இருக்கிறேன், தாங்குவேன்.

இப்போது ஒவ்வொரு செவ்வாயும் நான் போகிறேன். பேசுவதற்கு எனக்கு ஒன்றும் இல்லை, கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைக்கிறேன், கேக் செய்து கொண்டுபோகிறேன். தொப்பியை எடுத்துவரவில்லை, அது வாத்துக் கொக்கியிலேயே இருக்கட்டும். பிக்கப்பைப் பாலர் பள்ளி வாசலுக்கு நேராக, ரோட்டைப் பார்த்து, டஸ்டியோடு நிறுத்துகிறேன். பாவம் வல்மா, துக்கத்தில் குடிக்க ஆரம்பித்துவிட்டாள் என்று ஊரில் பேச்சாம். கீத்தின் மனைவி நேற்று ஒரு குழம்புச் சட்டியோடு வந்து, “மனசு விட்டுப் பேசு வல்மா, யாருக்கும் சொல்ல மாட்டேன்” என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு சட்டியை வாங்கி வைத்தேன். பேசட்டும். போன செவ்வாய் கூட்டத்துக்கு நடுவில் நான் வெளியே வந்தபோது என் வண்டிக்குப் பின்னால் இன்னொரு வண்டி நின்றது. யாருடையது என்று உனக்குச் சொல்ல மாட்டேன். அந்த வண்டியில் வந்தவர் இருபது நிமிஷம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் இறங்கினார். இறங்கினார், அதுதான் விஷயம்.

இனி உன் வேலை. அந்தப் பெண்மணி ஒரு நம்பர் கொடுத்தார், நான் பெர்த்துக்குப் போன் செய்து விசாரித்தேன். கல்கூர்லியில் இந்தக் கூட்டம் வாரத்தில் மூன்று நாள் நடக்கிறது. உனக்குத் தோதானது வியாழக்கிழமை, காலை ஏழரை மணி. இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்காகவே வைத்திருக்கிறார்களாம், அதனால் நேரமில்லை என்று சொல்லாதே. தெரு பெயரும் வழியும் தனிக் காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். சர்ச்சுக்குப் பின்னால் கூடம், பச்சைக் கதவு. கதவு திறக்கிறவரிடமே பேசிவிட்டேன். பெயர் சொல்ல வேண்டாம், ஒன்றும் எழுதித் தர வேண்டாம், முதல் நாள் வாயே திறக்காவிட்டாலும் பரவாயில்லை என்றார். நாற்காலி பெரியவர்கள் உட்காருகிற நாற்காலிதானா என்று கேட்டேன். ரொம்ப நேரம் சிரித்தார். நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும்.

அப்பாவின் வில்லையை இந்தக் கடிதத்தோடு அனுப்பவில்லை. தபாலில் தொலைந்தால் என்னால் தாங்க முடியாது. சமையலறை ஜன்னல் ஓரத்தில், உன் பள்ளிக்கூடப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். உனக்குக் காட்டத்தான் அதை அவர் வாங்கிவந்தார். நீ எப்போது வந்தாலும் எடுத்துக்கொள். குடித்துவிட்டு வந்தாலும் வா. கை தட்ட மாட்டேன்.

கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவேன். இந்தத் தடவை அவரிடம் அவ்வளவு கேட்கவில்லை. வியாழக்கிழமை காலை அந்தப் பச்சைக் கதவு வரை உன்னைக் கொண்டுவந்து விட்டால் போதும் என்று கேட்டிருக்கிறேன். அங்கிருந்து நீயே உள்ளே போ, கண்ணா. வண்டியை மட்டும் வாசலுக்கு நேராக நிறுத்து. யார் பார்த்தாலும் பார்க்கட்டும். உன் அப்பா அந்தப் பதினாறு மாதத்தில் செய்யாமல் விட்டது அது ஒன்றுதான்.

உன் தட்டை இன்னும் எடுத்துவைத்தபடியே இருக்கும்,
அம்மா